ஸ்விஃப்ட் வாங்கலாமுங்களா? - லாரி ஊர்க்காரன் கணக்கு

சேலம், நாமக்கல் பக்கம் முதல் கார் வாங்கப் போற வீட்டுல இந்தக் கேள்வி வராம இருக்காது. "ஸ்விஃப்ட் வாங்கலாமுங்களா?" போன மாசத்துல மட்டும் மூணு பேர் கேட்டுட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போன்ல சொல்றதுக்குப் பதிலா ஒரு பதிவாப் போட்டு வெச்சுட்டா, அடுத்து கேக்கறவங்களுக்கு சுட்டியைக் குடுத்துட்டு தப்பிச்சுக்கலாம் பாருங்க :-)

நான் ஆட்டோமொபைல் எஞ்சினியர் இல்லீங்க. நாமக்கல்ல பொறந்து, லாரிப் பேச்சைக் கேட்டே வளந்தவன். தகுதி அவ்வளவுதான். ஆனா கார் வாங்கறதுக்கு அந்தத் தகுதி போதும்னு நான் நினைக்கறேன். ஏன்னு சொல்றேன்.

எங்க ஊர்ல ஒரு லாரி ஓனர் வண்டி எடுக்கறப்ப என்ன பண்ணுவாரு? மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓடும், டீசல் எவ்வளவு, டயர் எத்தனை நாள் வரும், டோல் எவ்வளவு, டியூ எவ்வளவுன்னு எல்லாத்தையும் போட்டு, கிலோமீட்டருக்கு என்ன அடக்கம்னு பைசா சுத்தமா கணக்குப் பாத்துட்டுத்தான் கையெழுத்தே போடுவாரு. அதே மனுசன் பையனுக்கு கார் வாங்க ஷோரூம் போனா ரெண்டே கேள்விதான் கேப்பாரு. "மைலேஜ் என்னங்க குடுக்கும்? செவப்புல இருக்குங்களா?" அவ்வளவுதான், முடிஞ்சுது.

லாரிக்குப் போடற கணக்கை காருக்கும் போடணும்ங்கறதுதான் இந்தப் பதிவு. அப்படிப் போட்டா ஸ்விஃப்ட் சில பேருக்கு ரொம்ப நல்ல வண்டி, பல பேருக்கு தேவையில்லாத வண்டி. நீங்க எந்தப் பக்கம்னு கடைசியில பாத்துக்கலாம்.

மொதல்ல, அந்த "ஸ்போர்ட்டி" மேட்டர்

ஸ்விஃப்ட் இந்தியாவுக்கு வந்தது 2005 மே மாசம். அப்ப இருந்தது 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 87 குதிரைத்திறன். 2007ல டீசல் வந்துச்சு. 2011, 2018னு ரெண்டு தடவை மொத்தமா மாறி, இப்ப ஷோரூம்ல நிக்கற நாலாவது தலைமுறை 2024 மே மாசம் வந்துச்சு. இதுல இருக்கறது 1.2 லிட்டர், மூணு சிலிண்டர் எஞ்சின். பவர் எவ்வளவு தெரியுங்களா? சுமார் 80 குதிரைத்திறன்.

ஆமாங்க, கூடல. கொறஞ்சிருக்கு. இதுக்கு முந்தின மாடல்லயே, 2021ல இருந்து, நாலு சிலிண்டரும் 90 பிஎஸ் பவரும் இருந்துச்சு. புதுசுல 82 பிஎஸ். ஸ்போர்ட்டின்னு விளம்பரம் பண்ற வண்டியில பவரைக் கொறைச்சு விக்கறாங்கன்னா காரணம் மைலேஜ்தான். ஒரு சிலிண்டர் கொறஞ்சா உள்ள உராய்வு கொறையும், பெட்ரோல் மிச்சமாகும். கம்பெனிக் கணக்குப்படி மேனுவல் கியர் வண்டி லிட்டருக்கு 24.80 கிலோமீட்டர்.

அப்ப ஸ்போர்ட்டி எல்லாம் சும்மா ஜல்லியான்னு கேட்டா, அதுவும் இல்ல. 2005 வண்டி எடை சுமாரா 1,000 கிலோ. இப்ப வர்றது 920 கிலோ சுத்துல இருக்கு. பவரை எடையால வகுத்துப் பாருங்க. அன்னைக்கும் இன்னைக்கும் டன்னுக்கு 87 குதிரை கிட்டதான் வருது. எஞ்சின் எளைச்சுது, கூடவே வண்டியும் எளைச்சுது. லோடு லாரிக்கும் காலி லாரிக்கும் உள்ள வித்தியாசம் தெரிஞ்ச ஊருக்கு இதை வெளக்க வேண்டியதில்ல.

எடை கொறைஞ்சா வளைவுல வண்டி சொன்ன பேச்சு கேக்கும். ஸ்விஃப்டோட ஸ்போர்ட் இதுல இருக்கு, ஸ்பீடுல இல்ல. சேலத்துல இருந்து கரூர் போற என்.எச். 44ல 100ல போறதுக்கு எந்த வண்டியும் போதும். ரோடு நேரா கெடக்குது, ஸ்டியரிங்குக்கு வேலையே இல்ல. ஏற்காடு மலையில 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் பாருங்க. ரெண்டாவது கியர்ல வெச்சு, வளைவுக்கு வளைவு முன்பக்கம் திரும்பற விதம் இருக்கே, இந்த வெலையில அது சொகம்தான். அதுலயும் ரெண்டு பேர் மட்டும் போனா.

அஞ்சு பேர், ஏ.சி., பின்னாடி மூட்டை முடிச்சுன்னு காரவள்ளியில இருந்து கொல்லிமலை 70 வளைவு ஏறுனா கதை வேற. இந்த எஞ்சினோட முழு இழுவை 112 நியூட்டன் மீட்டர் சுத்து, அதுவும் 4,300 ஆர்.பி.எம். போனாத்தான் கெடைக்கும். முதல் கியர், ரெண்டாவது கியர்னு மாத்திக்கிட்டே, எஞ்சினைக் கத்த விட்டுத்தான் ஏறணும். மூணு சிலிண்டர் சத்தமும் அப்பத்தான் நல்லாக் கேக்கும். நாலு சிலிண்டர்ல கிராங்க் 180 டிகிரிக்கு ஒரு தடவை திரும்பறப்ப ஒரு வெடிப்பு. மூணுல 240 டிகிரிக்கு ஒண்ணு. இடைவெளி கூடுறதால மெதுவா ஓடறப்ப ஒரு சின்ன அதிர்வு இருக்கும். பழகிடும். ஆனா டெஸ்ட் டிரைவ்ல ஏ.சி. போட்டு, வண்டியை நிறுத்தி வெச்சு ஒரு நிமிசம் உக்காந்து பாருங்க. புடிக்கலைன்னா அங்கயே தெரிஞ்சுடும்.

பழைய டீசல் பேரு

எங்க பக்கம் ஸ்விஃப்டுக்கு இருக்கற மரியாதை பெரும்பாலும் டீசல் வண்டி சம்பாதிச்சது. 1,248 சிசி, ஃபியட் வழி வந்த எஞ்சின். பவர் 75 பிஎஸ்தான், ஆனா 190 நியூட்டன் மீட்டர், அதுவும் 2,000 ஆர்.பி.எம்.லயே. மேட்டுல நாலாவது கியர்லயே இழுக்கும். "ஸ்விஃப்ட்னா இழுவைடா"ன்னு மாமாங்க எல்லாம் சொல்றது அந்த வண்டியைத்தான். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 விதி வந்தப்ப மாருதி டீசலையே நிறுத்திட்டாங்க. இப்ப ஷோரூம்ல இருக்கற வண்டிக்கும் அந்தப் பேருக்கும் எஞ்சின் அளவுல சம்பந்தமே இல்ல. மாமா சொன்னாருன்னு வாங்கி, மாமா சொன்ன இழுவையைத் தேடாதீங்க.

இப்ப கணக்குக்கு வருவோம்

2025 செப்டம்பர் 22ல சின்னக் காருக்கு ஜி.எஸ்.டி. 28ல இருந்து 18 சதவீதமாக் கொறஞ்சுது, மேல இருந்த செஸ்ஸும் போச்சு. ஸ்விஃப்ட் ஆரம்ப வெலை 6.49 லட்சத்துல இருந்து 5.79 லட்சத்துக்கு எறங்குச்சு. நல்ல விசயம். ஆனா தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல ஆயுள் வரி ஏறினதை மறந்துடாதீங்க. 5ல இருந்து 10 லட்சம் வரைக்கும் உள்ள காருக்கு 13 சதவீதம். 7 லட்ச ரூவா வண்டின்னா வரி மட்டும் 91,000. அதுக்கு மேல மூணு வருச மூணாம் நபர் இன்ஷூரன்ஸ் சேத்துத்தான் குடுப்பாங்க, அது கட்டாயம். அதனால ஷோரூம் வெலையைக் கேக்காதீங்க, ரோட்டுக்கு வர்ற வெலையைக் கேளுங்க.

6 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, அஞ்சு வருசம்னு வெச்சுக்குங்க. மாச டியூ சுமார் 12,455. "சார், ஏழு வருசமாப் போட்டா 9,650தான் சார்"னு சொல்வாங்க. கேக்க இனிப்பா இருக்கும். ஆனா மொத்த வட்டி ஒண்ணேகால் லட்சத்தைத் தாண்டி 1.47 லட்சம் இருந்தது, 2.11 லட்சம் ஆயிடும். 63,000 ரூவா சும்மா போவுது.

இப்ப அந்த மைலேஜ் கேள்விக்கு வாங்க. நம்ம ஊர் ஓட்டத்துல 18 குடுக்குது, இன்னொரு வண்டி 22 குடுக்குதுன்னு வைங்க. பெட்ரோல் 100 ரூவான்னு உருண்டையா எடுத்துக்கிட்டா, கிலோமீட்டருக்கு 5.55க்கும் 4.55க்கும் உள்ள வித்தியாசம் ஒரு ரூவா. மாசம் 600 கிலோமீட்டர் ஓடற வீட்டுக்கு மிச்சம் 600 ரூவா. அதே சமயம் ஷோரூம்ல "இன்னொரு லட்சம் போட்டா மேல் மாடல் வந்துடும் சார்"னு சொல்றப்ப யோசிக்காம தலையாட்டறோம் பாருங்க, அந்த ஒரு லட்சத்துக்கு அஞ்சு வருச டியூ மாசம் 2,076 ரூவா. 600 ரூவாய்க்கு நாலு கடை ஏறி எறங்கிட்டு, 2,076 ரூவாயை ஒரு தலையாட்டுல விட்டுடறோம். லாரி ஓனர் இப்படிப் பண்ணா அவரு எப்பவோ வண்டியை வித்திருப்பாரு.

அதே 600 கிலோமீட்டருக்கு 12,455 டியூவைப் பிரிச்சுப் போட்டா கிலோமீட்டருக்கு 20 ரூவாய்க்கு மேல வருது. பெட்ரோல் அஞ்சரை. ஆக, மாசம் 500, 600 கிலோமீட்டர் ஓடற வீட்டுக்கு செலவு பெட்ரோல்ல இல்ல, வண்டியில. அவங்களுக்கு நல்ல பழைய வண்டியோ, சின்ன வண்டியோ போதும். தெனம் சேலம் - நாமக்கல் 50 கிலோமீட்டர் போயி 50 வர்றவங்களுக்கு மாசம் 2,500 வந்துடும். அவங்க மைலேஜ் பாக்கறதுல நியாயம் இருக்கு.

இன்னொண்ணு. கம்பெனி சொல்ற 24.80 சோதனைக் கூடத்துக் கணக்கு. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனால்ல இருக்கற சக்தி பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு கம்மி. இந்த வண்டி அந்தக் கலவைக்குத் தயார் பண்ணதுதான், எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா சக்தி கம்மியான எண்ணெய்ல மைலேஜ் மட்டும் எப்படி அப்படியே வரும்?

சி.என்.ஜி. வண்டி 2024 செப்டம்பர்ல வந்துச்சு. கிலோவுக்கு 32.85ன்னு சொல்றாங்க. ஆனா டிக்கியில சிலிண்டர் உக்காந்துக்கும், பவர் 70 பிஎஸ்ஸுக்கு எறங்கிடும். சமவெளியில நெறய ஓடறவங்களுக்கு சரி. ஸ்போர்ட்டி வேணும்னு ஸ்விஃப்ட் பாத்துட்டு சி.என்.ஜி. எடுக்கறது, ஜல்லிக்கட்டுக் காளை வாங்கி செக்குல கட்டற மாதிரி.

எந்த மாடல்?

ஆறு ஏர்பேக்கும், வண்டி வழுக்காமப் புடிக்கற ஈ.எஸ்.பி.யும் அடி மாடல்லயே இருக்கு. இது பெரிய விசயம். பாதுகாப்புக்காக மேல் மாடல் போகணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஒரே ஒரு எடத்துல மட்டும் வித்தியாசம் உண்டு. எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ ரெண்டுலயும் 14 இன்ச், 165 அகல டயர். இசட்எக்ஸ்ஐல இருந்து 15 இன்ச், 185 டயர். மலை வளைவுல புடிமானம் டயர்லதான் இருக்கு. அதனால நெஜமாவே ஓட்டற ஆசை இருக்கறவங்க டயருக்காக இசட்எக்ஸ்ஐ போனா ஒரு அர்த்தம் இருக்கு. பெரிய ஸ்கிரீனுக்காகப் போகாதீங்க. மத்தவங்களுக்கு விஎக்ஸ்ஐ மேனுவல் போதும்.

ஏ.எம்.டி. கியர் சேலம் டவுனுக்குள்ள, அஞ்சு ரோடு சிக்னல்ல, சொகம். மலையில அது கியர் மாத்தறதுக்கு யோசிக்கற நேரத்துல நீங்க ரெண்டு வளைவு தாண்டிடலாம். ஓட்டற ஆசைக்கும் அதுக்கும் ஒத்து வராது.

வாங்கின பொறவு வெளியில குடுத்து அகல டயர், பெரிய சைலன்சர், உடம்பு முழுக்க கிட்னு மாட்டற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி குடுத்த, ஆர்.சி.யில பதிஞ்ச அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. இன்ஷூரன்ஸ்காரன்கிட்ட சொல்லாம மாத்தி, பின்னால அடிபட்டா பணம் வர்றதுலயும் வம்பு வரும்.

லாரி நடுவுல சின்ன வண்டி

இதைத்தான் கொஞ்சம் கவனமாப் படிக்கணும்னு கேட்டுக்கறேன்.

நம்ம ரோட்டுல நம்ம கூட ஓடறது யாருன்னு பாருங்க. முட்டை வண்டி, கேஸ் டேங்கர், திருச்செங்கோட்டு ரிக் வண்டி, சங்ககிரி லாரி. தொப்பூர் எறக்கத்துல 2024 ஜனவரியில கட்டுப்பாடு இல்லாம வந்த லாரி முன்னால போன வண்டிங்க மேல மோதி, நடுவுல கார் மாட்டி, நாலு பேர் போயிட்டாங்க. அந்த மாதிரி எடத்துல 920 கிலோ வண்டியில உக்காந்திருக்கோம்ங்கறது நெனப்புல இருக்கணும்.

பழைய மாடல் விசயத்துல ஒளிவு மறைவு வேண்டாம். 2022 டிசம்பர்ல குளோபல் என்கேப் சோதனையில, அப்ப வித்துக்கிட்டிருந்த ரெண்டு ஏர்பேக் ஸ்விஃப்ட் வாங்கினது ஒரே ஒரு ஸ்டார். கூடு உறுதியில்லைன்னும் எழுதினாங்க. இன்னைக்கு பழைய வண்டிச் சந்தையில நல்ல வெலைக்குப் போறது அந்த 2018 - 2023 வண்டிங்கதான். புது மாடல், ஐரோப்பாவுல விக்கறது, 2024ல அங்க மூணு ஸ்டார் வாங்குச்சு. இதோட கூடப்பொறந்த புது டிசையர் 2024 நவம்பர்ல குளோபல் என்கேப்ல அஞ்சு ஸ்டார். அதுக்காக தம்பி மார்க்கை அண்ணனுக்குப் போட முடியாது. வேற வண்டி, வேற சோதனை. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பாரத் என்கேப் பட்டியல்ல நீங்க எடுக்கற வண்டிக்கு என்ன போட்டிருக்குன்னு ஒரு தடவை பாத்துடுங்க.

அப்பறம், லாரிக்காரங்க வீட்டுல கேட்டு வளந்ததைச் சொல்றேன். லாரி டிரைவர் வலது பக்கம் உக்காந்திருக்காரு. அவரோட இடது கதவை ஒட்டி, கீழ, ஒரு சின்னக் கார் இருந்தா அவருக்குத் தெரியவே தெரியாது. ஸ்விஃப்ட் மாதிரி சடக்குன்னு திரும்பற வண்டி கையில இருந்தா இடது பக்கம் பூந்து போகத்தான் தோணும். வண்டியோட சுறுசுறுப்பே ஆபத்தாகற எடம் அதுதான். பதினெட்டு, இருபது வயசுப் பையனுக்கு ஸ்விஃப்ட் வாங்கித் தர்ற அப்பாக்கள், சாவியோட கூட அவனை ஒரு நாள் நிக்கற லாரி சீட்டுல ஏத்தி உக்கார வெச்சு, கீழ ஒரு காரை நிறுத்திக் காமிங்க. கண்ணாடியில என்ன தெரியுது, என்ன தெரியலைன்னு அவனே பாத்துக்குவான். நாமக்கல்ல நிக்கற லாரிக்கா பஞ்சம்?

ஆக மொத்தம்

வாங்கலாம்: வண்டியில பெரும்பாலும் ஒருத்தரோ ரெண்டு பேரோ போறவங்க. மாசம் 1,000 கிலோமீட்டருக்கு மேல ஓட்டறவங்க. ஏற்காடு, கொல்லிமலைன்னு ஓட்டறதுக்காகவே ஓட்டறவங்க. இந்த வெலையில இவ்வளவு எடை கொறைஞ்ச, சொன்ன பக்கம் திரும்பற வண்டி கம்மி. விக்கறப்பவும் கை சுடாது.

வேண்டாம்: அப்பா, அம்மா, ரெண்டு குழந்தைங்கன்னு வீட்டோட ஒரே வண்டியா எடுக்கறவங்க. பின் சீட்டுல மூணு பேர் உக்காந்தா தோள் இடிக்கும், டிக்கி 265 லிட்டர்தான். ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டு சீர்த்தட்டோட திரும்பி வந்து பாருங்க, தெரியும். இவங்களுக்கு 345 லிட்டர் டிக்கி இருக்கற டாடா ஆல்ட்ரோஸ் பொருத்தம். 2020லயே குளோபல் என்கேப்ல அஞ்சு ஸ்டார் வாங்கின வண்டி. இல்ல, நாலு சிலிண்டர் எஞ்சின்தான் வேணும், டிக்கியும் பெருசா வேணும்னா அதே மாருதியில பலேனோ இருக்கு. சத்தமில்லாம டவுனுக்குள்ள ஓட்ட ஹூண்டாய் நியாஸ், அதுவும் நாலு சிலிண்டர். அதோட டிக்கியும் சின்னது, 2020 சோதனையில ரெண்டு ஸ்டார்தான்ங்கறதையும் சேத்துக்குங்க.

மாசம் 500 கிலோமீட்டர் கூட ஓட்டாதவங்க எதையுமே அவசரப்பட்டு வாங்க வேண்டாம். ஒரு நோட்டுல மூணு மாசம், எங்க போனோம், எத்தனை பேர் போனோம், எத்தனை கிலோமீட்டர்னு எழுதி வைங்க. எங்க ஊர் லாரிங்கள்ல எல்லாம் அந்த நோட்டு உண்டு. அதைப் பாத்தா எந்த வண்டின்னு என்னைக் கேக்கவே வேண்டியதில்ல.

டிஸ்கி 1: வெலை எல்லாம் மாசா மாசம் மாறும். கணக்குப் போடற முறையை மட்டும் எடுத்துக்குங்க, வெலையை நேர்ல கேட்டுக்குங்க.

டிஸ்கி 2: எனக்கு எந்தக் கம்பெனியும் காசு குடுக்கல. குடுத்தாலும் என் தங்கமணி வாங்கி வெச்சுக்குவாங்க. ஸ்விஃப்ட் வெச்சிருக்கற மக்கள் பின்னூட்டத்துல உங்க நெஜ மைலேஜையும், மாசத்துக்கு எத்தனை கிலோமீட்டர்ங்கறதையும் சேத்துப் போடுங்க. ரெண்டாவது இல்லாம மொதலாவது மட்டும் போட்டா பிரயோசனமில்லீங்க :-)